பத்தாவது குடம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னோடு சண்டைக்கு வாருங்கள்: குடங்களின் மேல் ஒரு தப்பும் இல்லை. மந்திரம் வைத்தார்கள், பெயிண்டில் ஏதோ கலந்தார்கள், யூனிவர்சிட்டிப் பெண் வந்து பிள்ளைகளைக் கெடுத்தாள் என்றெல்லாம் எட்டு மாடியிலும் எட்டு விதமாகப் பேசினார்கள். அந்த யூனிவர்சிட்டிப் பெண் நான்தான், அனு. நானும் இங்கேதான் குடியிருக்கிறேன், பதினெட்டாம் பிளாக், ஆறாவது மாடி, லிஃப்ட் ஓடாத பக்கம். ஆகையால் எங்கிருந்தோ வந்தவள் என்ற பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நகரத்தின் தெற்கு ஓரத்தில், ஒரு பெரிய ஏரியைத் தூர்த்த மண்ணின் மேல், எங்களுக்கு எட்டு மாடிக் கட்டடங்களைக் கட்டி, ஆற்றோரத்திலிருந்து எங்களையும் கடலோரத்திலிருந்து அவர்களையும் ஒரே வாரத்தில் லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். கடலோரத்தார் பதினேழாம் பிளாக், ஆற்றோரத்தார் பதினெட்டாம் பிளாக். இறங்கிய அன்றைக்கே வீட்டுக்கு ஒன்று என்று ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள், எல்லாம் ஒரே அச்சு, ஒரே அளவு, ஒரே ஆரஞ்சு. ஏரியின் மேல் குடிவைத்துவிட்டு அந்த ஏரிக்காரர்களுக்கே லாரியில் தண்ணீர் அனுப்பும் அறிவைப் பற்றி நான் இருபத்தெட்டுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். இங்கே அதைப் பேசவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஏழு மணிக்கு லாரி வரும். இரண்டு பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் காலி இடத்தில், எதற்குமே உபயோகப்படாத ஒரு சிமெண்டுத் தொட்டியின் ஓரமாக, ஆறு மணியிலிருந்தே குடங்கள் வரிசையாக நிற்கும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி, அதுதான் எங்கள் சட்டம். ஆனால் லாரி சில நாள் முன்னால் நிற்கும், சில நாள் பின்னால் நிற்கும், அப்போது குடங்களை ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் காலால் தள்ளி நகர்த்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளிடம், "குடத்தைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டுச் சாவியைக்கூட எங்கள் ஜனங்கள் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார்கள், குடத்தை மட்டும் கண்டவரிடம் கொடுத்துவிட மாட்டார்கள். அப்படி இரண்டு பிளாக்காரர்களும் நம்பிக் கொடுத்த ஒரே ஆள் எங்கள் பிளாக்கின் மோனிஷா. பரிமளாவின் மகள், ஐந்தாம் வகுப்பு, ஒல்லிக்குச்சி. வரிசைக்குப் பக்கத்தில் நின்று பத்துக் குடங்களைப் பாதத்தால் தள்ளித் தள்ளி, ஒரு குடம்கூட முட்டாமல், ஒரு குடம்கூட முந்தாமல் அவள் நகர்த்திக்கொண்டு போவதைப் பார்த்தால், ரயில் ஓட்டுகிறவர்களே இறங்கிவந்து பாடம் கேட்க வேண்டும் போலிருக்கும்.

பதினேழாம் பிளாக் நான்காவது மாடியில் தேசம்மா. மீன் விற்கிறவர், குரல் மார்க்கெட்டிலேயே முதல் குரல். அவர் கீழ் வாசலில் நின்று மகனைக் கூப்பிட்டால் எட்டாவது மாடியில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்ளும். அந்தத் தேசம்மாவின் மகள் ஷீபாவுக்குப் பிரசவ வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் அங்கிருந்து நேராகத் தண்ணீர் லாரிக்கு ஓடிவந்தவர், வரிசையில் தன் குடத்தைத் தேடினார். இல்லை.

"என் கொடம் எங்கடி?"

"நீங்க இன்னைக்கி கொடமே வைக்கல பெரிம்மா."

"வைக்கலயா? நாலு வருசமா வச்சிக்கினு கீறேன், இன்னைக்கி வைக்கலயா? உன் பிளாக்குக்குத் தள்ளிவுட்டுட்டியா? கொடம் திருடி!"

சொன்னதோடு நிற்கவில்லை. மோனிஷாவின் காலடியில் கடைசியாக நின்ற குடத்தை, அது பரிமளாவின் குடம், பிடுங்கிக்கொண்டு நான்காவது மாடிக்குப் போய்விட்டார். பரிமளா அதே ஆரஞ்சில் வேறொரு குடம் வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் குரலில் சொன்ன சொல், எட்டு மாடியும் கேட்ட சொல், சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருந்தது. பெட்டிக்கடையில் மோனிஷா நின்றால் கடைக்காரர் மிட்டாய் பாட்டிலை உள்ளே நகர்த்தினார். மறுவாரம் அவளிடம் யாரும் குடம் கொடுக்கவில்லை, எங்கள் பிளாக்கிலும்தான், அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். மறுவாரமே வரிசை இரண்டானது. தொட்டிக்கு அந்தப் பக்கம் பதினேழு, இந்தப் பக்கம் பதினெட்டு. குடங்கள் பிரிந்ததும் பெரியவர்கள் பிரிந்தார்கள், பெரியவர்கள் பிரிந்ததும் பிள்ளைகள் பிரிந்தார்கள். தாயக்கட்டம் போட்ட கோடு பாதியில் நின்றது, கிரிக்கெட்டில் பந்து ஒரு பக்கமும் மட்டை மறுபக்கமும் மாட்டிக்கொண்டு, மூன்று மாதம் யாரும் ஆட்டம் ஆடவில்லை.

அந்த நேரத்தில்தான் என் துறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள், களப்பணிக்கு. தலைப்பு: 'இசை, ஓவியம் வாயிலாகக் குடியிருப்புச் சிறாரை ஒருங்கிணைத்தல்.' ஒருங்கிணைத்தலாம்! ஆற்றிலிருந்தும் கடலிலிருந்தும் பிடுங்கி எறிந்தவர்களைக் கேட்காமல், பிள்ளைகள் சேரவில்லை என்று பிள்ளைகளைக் கேட்கிறார்களே என்று எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். "முடிந்ததா? பெயிண்ட் வாங்கிக்கொள்," என்றார் அவர். வாங்கிக்கொண்டேன்.

திட்டம் சுலபமானது. எல்லாக் குடமும் ஒரே ஆரஞ்சாக இருப்பதால்தானே சண்டை, ஆளுக்கொரு படம் அவரவர் குடத்தில் வரைந்துவிட்டால் எது யாருடையது என்ற பேச்சே வராது. படம் மட்டும் போதாது, படத்துக்கு ஒரு பாட்டும் கட்டுங்கள், குடத்தைத் தட்டிக்கொண்டே பாடுங்கள், இசையும் ஆயிற்று ஓவியமும் ஆயிற்று என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பத்திரண்டு பிள்ளைகள் நாற்பத்திரண்டு குடங்களோடு வந்தார்கள், தொட்டிக்கு அந்தப் பக்கம் இருபத்தொன்று, இந்தப் பக்கம் இருபத்தொன்று. நான் ஒரு பெரிய தார்ப்பாயை விரித்து, குடங்களை இரண்டு குவியலாக வைத்து, பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுதான் தாமதம், எங்கிருந்தோ ஒரு மழை வந்து சடசடவென்று பத்து நிமிடம் கொட்டியது. பிள்ளைகள் படிக்கட்டுக்கு ஓடினார்கள். காற்றில் குடங்கள் உருண்டு, ஏறி, இறங்கி, ஒன்றோடொன்று கலந்து, ஒரே குவியலாகிக் கிடந்தன. மழை விட்டதும் ஓடிவந்து ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வரைய உட்கார்ந்தார்கள். ஒரே ஆரஞ்சு, யார் பார்த்தார்கள்?

மூன்று கண் மீன் வரைந்தவன் தேசம்மாவின் கடைசி மகன் ஜோயல், ஒன்பது வயது. ரெக்கை வைத்த ஷேர் ஆட்டோ, தொப்பி போட்ட நண்டு, வாலில் மணி கட்டிய நாய், ஏணியில் ஏறும் நிலா. தட்டுகிறார்கள், பாடுகிறார்கள், ஒருவர் பாட்டை ஒருவர் கேலி செய்கிறார்கள், மூன்று மாதத்துக்குப் பிறகு தொட்டிக்கு இரு பக்கமும் ஒரே சிரிப்பு. மோனிஷா மட்டும் தனியாக உட்கார்ந்து, குடத்தைச் சுற்றி ஒன்பது சின்னக் குடங்களை வரிசையாக வரைந்து, கொஞ்சம் இடம் விட்டு, பத்தாவதை ஒதுக்கமாக வரைந்தாள்.

"பாட்டு எங்கே?" என்றேன்.

"இருக்கு. பாட மாட்டேன்."

வரைந்து முடிந்த பிறகு அம்மாக்கள் வந்து, கழுத்தில் கட்டிய நூல், அடியில் வைத்த நகப்பாலிஷ் பொட்டு, ஆணியால் கீறிய எழுத்து என்று அவரவர் அடையாளத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஒரு பிள்ளைகூடத் தன் வீட்டுக் குடத்தில் வரையவில்லை, ஒன்று தப்பாமல் எல்லாம் எதிர் பிளாக் குடத்தில் வரைந்திருந்தார்கள் என்று. "போவட்டும், படம் நல்லாத்தானே கீது," என்றார்கள்.

மறுநாள் லாரி வந்தது. தண்ணீர் பிடித்தார்கள், மாடிக்குத் தூக்கினார்கள், சாய்த்தார்கள். தண்ணீர் வரவில்லை.

குடம் நிறைய இருக்கிறது, அசைத்தால் தளும்புகிறது, சாய்த்தால் மட்டும், மடியை விட்டு இறங்க மறுக்கும் குழந்தை மாதிரி உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தலைகீழாகக் கவிழ்த்தார்கள், நின்றது. டம்ளர் விட்டு மொண்டார்கள், டம்ளர் நனையாமல் வெளியே வந்தது. பதினெட்டாம் பிளாக்கில் பரிமளா குடத்தை அடுப்பு மேடையில் கவிழ்த்துப் பிடித்தபடி திகைத்து நின்றபோது, கீழே ஜோயல், தன் பாட்டுக்கு,

"மூணு கண்ணு மீனு,
முழிச்சிக்கினு தூங்கு"

என்று பாடிக்கொண்டு போக, மொத்தத் தண்ணீரும் மடாரென்று கொட்டி அடுப்பை அணைத்தது. மூன்று கண் மீன் இருந்தது அந்தக் குடத்தில்தான். மத்தியானத்துக்குள் இரண்டு பிளாக்கிலும் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது: எந்தப் பிள்ளை வரைந்ததோ அந்தப் பிள்ளை வந்து, அந்தப் படத்தின் பாட்டைப் பாடினால், தண்ணீர் இறங்கும்.

இதற்குப் பெரிதாக யாரும் ஆச்சரியப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுபோன அன்றைக்கும் இப்படித்தான், ஒருநாள் திட்டினார்கள், மறுநாள் படி ஏறினார்கள். சிலர் புதுக் குடம் வாங்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் புதுக் குடத்திலும் அதே நண்டு, அதே தொப்பி, அம்மை போட்ட மாதிரி மெல்ல எழும்பி வந்தது. வாளியில் பிடித்தார்கள், வாளியிலும் வந்தது. கேன் தண்ணீர் வாங்கினார்கள், கேனிலும் வந்தது. குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, குடத்தைக் கவிழ்த்து, உலுக்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து உள்ளே பார்த்தார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெண் நாய்ப் பாட்டைப் பாடிவிட, சட்டையைப் பிழிந்துகொண்டே, 'குடத்தில் காற்றடைப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் எல்லாம் பழக்கமாயிற்று. காலையில் ஆறு மணிக்கு பதினேழாம் பிளாக் பிள்ளைகள் பதினெட்டுக்கும், பதினெட்டின் பிள்ளைகள் பதினேழுக்கும் படி ஏறுவார்கள், நடுவில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவரையொருவர் தாண்டும்போது ஒரு குட்டு, ஒரு கிள்ளு. குரல் கட்டினால் தண்ணீர் நூலாக வந்தது, ஆகையால் எதிர் பிளாக் அம்மா மிளகுப் பால் காய்ச்சி வைத்துக் காத்திருந்தார். சுதி விட்டுப் பாடினால் விட்டு விட்டுக் கொட்டியது. நண்டுக்காரப் பையன் அத்தை கல்யாணத்துக்கென்று திண்டிவனம் போய்விட, அவன் பாட்டுக்குக் காத்திருந்த வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுக் குடத்தின் வாயில் வைத்துப் பாடச் சொன்னார்கள். பாதிதான் வந்தது. மீதிக்கு அவன் நேரில் வரவேண்டியிருந்தது. "எங்க வூட்டு ஷேர் ஆட்டோ இன்னும் எழுந்துக்கலயா?" என்று பதினேழாம் பிளாக்கிலிருந்து ஒரு குரல் கேட்கும். "பல்லு வெளக்குது, வருது!" என்று பதினெட்டிலிருந்து பதில் போகும். யார் பிள்ளை யார் வீட்டில் இட்லி தின்கிறது என்று ஒரே வாரத்தில் யாருக்கும் கணக்கில்லாமல் போயிற்று. தாயக்கட்டக் கோட்டைப் பாதியிலிருந்து இழுத்து முடித்தார்கள், பந்து மட்டையோடு சேர்ந்தது, மாலையில் நாற்பது பிள்ளைகள் காலிக் குடங்களைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டித் தட்டி, எல்லாப் பாட்டையும் ஒரே பாட்டாக முடிச்சுப்போட்டுப் பாடும்போது எட்டாவது மாடித் துணிகள்கூடக் கொடியில் தலையாட்டின. நான் படிவத்தைப் பூர்த்தி செய்யலாம் என்று பேனாவை எடுத்தேன்.

ஒரு வீட்டுக்கு மட்டும் தண்ணீர் இறங்கவில்லை. தேசம்மா வீட்டுக்கு. அந்தக் குடத்தில்தான் ஒன்பது குடமும் ஒரு குடமும்.

ஜோயல் வந்து கெஞ்சினான், மோனிஷா மாட்டேன் என்றாள். ஷீபா மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்து கேட்டாள், மோனிஷா அந்தக் குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, மாட்டேன் என்றாள். அப்புறம் நான் போனேன். நான் யார், பேசியே ஆளைக் கவிழ்ப்பவள் அல்லவா!

"இதோ பார் மோனிஷா, ரெண்டு பிளாக்கும் இப்பதான் சேர்ந்திருக்கு. நீ ஒருத்தி பாடிட்டா எல்லாம் முழுசாயிடும். பெரிய மனசு பண்ணக் கூடாதா?"

"நானா அனுக்கா பெரிய மனசு பண்ணணும்? நான் அஞ்சாவதுதானே படிக்கிறேன். அவங்கதானே பெரியவங்க?"

"சரி, அவங்க தப்புத்தான். ஆனா ஒற்றுமைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"எல்லாரும் ஒத்துமையா இருந்துக்கினே என்னைக் கொடம் திருடின்னு கூப்புடுறாங்க. முன்னாடி ரெண்டு பிளாக்குப் புள்ளைங்களும் தனித்தனியாக் கூப்புடுவாங்க, இப்ப சேந்து கூப்புடுறாங்க. அதான் உன் ஒத்துமையா?"

மூன்று வருடமாக மேடைகளில் வாதாடிக் கோப்பை வாங்கியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் தோற்றேன். அந்தப் பழியை அவளை விழுங்கச் சொல்லித்தான் நான் ஒருங்கிணைக்க வந்திருக்கிறேன் என்று புரிய எனக்கு அத்தனை படிப்பு தேவைப்பட்டிருக்கிறது. அப்போது அவளே, விரலால் தரையைக் கீறிக்கொண்டு சொன்னாள்.

"அந்தக் கொடம் அவங்களுது இல்ல, அனுக்கா. அடியில ஒட்டு இருந்துச்சு. ஓட்டையானப்ப எங்கம்மா கத்தியச் சூடு பண்ணி வச்சுத் தேச்சுச்சு, நான்தான் டார்ச் புடிச்சேன். வரையும்போதே பாத்துட்டேன். அன்னைக்கிப் புடுங்கிக்கினு போன எங்க கொடம்தான் அது."

"அப்ப அவங்க குடம்?"

"வூட்லதான் இருந்திச்சாம். கதவுக்குப் பின்னாடி. ஆஸ்பத்திரி அவசரத்துல அன்னைக்கிக் கீழ எடுத்துக்கினே வரல. ஜோயல் தெரியாம சொல்லிட்டான், எங்க வூட்ல ரெண்டு ஆரஞ்சுக் கொடம் கீதுன்னு."

ஆக, தேசம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். மாடி ஏறிப் போய், கதவைத் திறந்து, கதவுக்குப் பின்னால் தன் குடத்தைப் பார்த்த அந்த நிமிடத்திலிருந்து தெரியும். மூன்று மாதம்! நான் எழுந்துவிட்டேன். இப்போதே கீழே போகிறேன், வரிசையில் நின்று, இரண்டு பிளாக்கும் கேட்க, ஒட்டைக் காட்டி...

"உக்காரு," என்றாள் மோனிஷா. "நீ சொன்னா அது நீ சொன்னதா ஆயிடும். அவங்க சொல்லணும்."

என் வாழ்நாளில் நான் செய்த கடினமான காரியம் அதற்குப் பிந்தைய பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் என் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கஷாயம் கொடுத்தார்கள்.

அந்தப் பதினொரு நாளும் தேசம்மா யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டார் குடத்தை நீட்டினால், "இருக்கு, இருக்கு," என்று கதவைச் சாத்தினார். மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஐஸ் பெட்டியில் உருகின தண்ணீரைப் பிடித்துவந்து பாத்திரம் கழுவினார். குடிக்கத் தேநீர்க் கடைக்குப் போய்வந்தார். ஆனால் குழந்தைக்கு? அங்கேதான் கதை திரும்புகிறது. ஜோயல் தினமும் காலையில் பரிமளா வீட்டுக்குப் போய் மூன்று கண் மீன் பாட்டைப் பாடிவிட்டு வருவான் அல்லவா, வரும்போது அவன் கையில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கும். முதல் நாள் தேசம்மா கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கேட்டார்.

"ஏது இது?"

"பரிமளாக்கா குடுத்துச்சு. பாப்பாவுக்குக் காய்ச்சிக் குடுக்கச் சொல்லிச்சு."

"எதிர்த்த பிளாக்குத் தண்ணியா? யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நான் பாடி முடிச்சதும் மொத சொம்பு இதுக்குத்தான் எடுத்து வைக்கிது. அப்பறமாத்தான் அது சோத்துக்கு ஊத்துது."

தேசம்மா சொம்பை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, காய்ச்சினார். தான் ஒரு வாய் குடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தச் சொம்பைக் கழுவித் துடைத்து ஜோயலிடமே கொடுத்தனுப்பினார், ஒவ்வொரு நாளும் அது நிரம்பி வந்தது. யாருடைய குடத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாரோ அவளுடைய தண்ணீரில் பேரக்குழந்தை பதினொரு நாள் வளர்ந்தது. ஒரு சுற்றுப் பெருத்துக்கூட விட்டது என்று ஷீபா பின்னால் சொன்னாள். பதினோராம் நாள் குழந்தை முதல் முதலாகக் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, அந்தச் சொம்பைப் பார்த்துச் சிரித்ததாம். அதற்குமேல் தேசம்மாவால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, லாரி நாள். பாடல்கள் இரு பிளாக்கையும் கலக்கி வைத்திருந்தும் குடங்கள் மட்டும் பழக்கதோஷத்தில் தொட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு வரிசையாகத்தான் நின்றன. மோனிஷா எங்கள் பக்க வரிசையில் பரிமளாவின் மூன்று கண் மீனோடு மட்டும் நின்றிருந்தாள், வேறு ஒருவர் குடமும் அவள் காலடியில் இல்லை. தேசம்மா நான்காவது மாடியிலிருந்து இறங்கி வந்தார். இடுப்பில் அந்தக் குடம், உள்ளே பதினெட்டு நாள் பழைய தண்ணீர் நிறைய. தன் பிளாக் வரிசையைத் தாண்டினார், தொட்டியைத் தாண்டினார், மோனிஷாவின் முன்னால் வந்து நின்று, குடத்தைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டும் விழவில்லை. அடிப்பாகத்தில் கறுத்த ஒட்டு எல்லோருக்கும் தெரிந்தது.

"பாத்துக்கோங்க," என்றார், மார்க்கெட்டின் முதல் குரலில், அன்றைக்குச் சொன்ன அதே குரலில், எட்டாவது மாடிக்கும் கேட்க. "இது பரிமளா கொடம். என் கொடம் என் வூட்டுக் கதவுக்குப் பின்னால இருந்திச்சு. நான்தான் அன்னைக்கி எடுத்தாரல. இந்தப் பொண்ணு எதையும் எடுக்கல. நான் சொன்னது பொய். தெரிஞ்சிக்கினே மூணு மாசம் வாய மூடிக்கினு இருந்தேன், அது அதைவிடப் பொய்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். யாரும் நகரவில்லை.

"சத்தமா சொல்லுங்க பெரிம்மா," என்றாள் மோனிஷா.

"இதுக்கு மேல சத்தமா? அடி ஆத்தீ, தொண்டையில இருந்து ரத்தம் வரணுமா?"

"எட்டாவது மாடில செல்வி அக்கா வூட்டு மிக்ஸி ஓடுது. அதுங்காதுல வுழுந்திருக்காது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தேசம்மா அண்ணாந்து பார்த்தார். மூச்சை இழுத்தார். "இந்தப் பொண்ணு திருடல! நான்தான்! செல்வீ! மிக்ஸியை நிறுத்துடீ!" மிக்ஸி நின்றது. ஜன்னலில் செல்வியின் தலை தெரிந்தது. "தெரியும்க்கா, மொதல்லயே கேட்டுச்சு," என்றது அந்தத் தலை.

மோனிஷா அப்போதும் பாடவில்லை. குடத்தை வாங்கினாள், ஒட்டை விரலால் தடவினாள், தரையில் வைத்தாள். பிறகு அதன் வயிற்றில் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு, மெல்ல, காலால் குடம் நகர்த்தும் அதே தாளத்தில்,

"ஒண்ணாங்கொடம் ஓரமா நில்லு,
ரெண்டாங்கொடம் ரோட்டப் பாத்து நில்லு,
மூணாங்கொடம் முட்டாம நில்லு..."

என்று தொடங்கினாள். நாலு, அஞ்சு, ஆறு. தொட்டிக்கு அந்தப் பக்கப் பிள்ளைகள் தங்கள் குடங்களைத் தட்ட ஆரம்பித்தார்கள், பிறகு இந்தப் பக்கமும். ஏழு, எட்டு. ஒன்பதாங்கொடம் ஒழுங்கா நின்றது. அங்கே நிறுத்தினாள். தட்டல்களும் நின்றன. அவள் குடத்தைத் தூக்கிச் சாய்த்து, தேசம்மாவின் முகத்தைப் பார்த்து, கடைசி அடியை, பாட்டாகக்கூட இல்லை, கூப்பிடுகிற மாதிரி சொன்னாள்:

"பத்தாங்கொடமே, பக்கத்துல வந்து நில்லு."

பதினெட்டு நாள் தண்ணீர் ஒரே வீச்சில் இறங்கி, தேசம்மாவின் பாதம், மோனிஷாவின் பாதம், லாரியின் டயர், தாயக்கட்டக் கோடு எல்லாவற்றையும் நனைத்து, ஒரு காலத்தில் ஏரியாக இருந்த அந்த மண்ணுக்குள் தன் வீட்டுக்குள் போகிற மாதிரி போயிற்று.

தேசம்மா திரும்பி மாடிக்குப் போனார். சரி, அவ்வளவுதான் போல என்று நான் நினைத்தேன், எனக்குக் கொஞ்சம் ஆத்திரம்கூட வந்தது, மன்னிப்பு என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் என்ன. ஆனால் அவர் மறுபடி இறங்கி வந்தார். இந்தத் தடவை இடுப்பில் கதவுக்குப் பின்னால் இருந்த தன் சொந்தக் குடம், அதிலும் அந்தப் பத்துக் குடப் படம் எழும்பியிருந்தது. அதை மோனிஷாவின் காலடியில் வைத்தார்.

"கொடத்தைப் பாத்துக்க," என்றார். "எனக்கு அடுப்புல வேல கீது."

போய்விட்டார். படிக்கட்டில் நின்று எட்டிப் பார்க்கவில்லை, ஜன்னலில் தலை தெரியவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து மிக்ஸி செல்வி தன் குடத்தைக் கொண்டுவந்து மோனிஷாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்து நண்டு வந்தது, நாய் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது. லாரி அன்றைக்குக் கொஞ்சம் பின்னால் நின்றிருந்தது. மோனிஷா செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தால், நாற்பத்திரண்டு குடத்தையும் ஒரே வரிசையாக, ஒன்றும் முட்டாமல், ஒன்றும் முந்தாமல் தள்ளிக்கொண்டு போனாள்.

படிவத்தில் 'ஒருங்கிணைத்தவர் பெயர்' என்று ஓர் இடம் இருந்தது. மோனிஷா, தகப்பனார் பெயர், வகுப்பு எல்லாம் எழுதிக் கொடுத்தேன். செல்லாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அதைப் பற்றி வாதம் இன்னும் நடக்கிறது, நான் விடுவதாக இல்லை.

குடங்கள் இன்றைக்கும் அப்படித்தான். விடிந்ததும் பதினேழாம் பிளாக் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து அந்தக் குரல் வரும்: "ஏ மோனிஷா! ஒலை வைக்கணும்டீ, வந்து பாடு!"

"இரு பெரிம்மா, ரெட்டைச் சடை போட்டுக்கினு இருக்கேன்! ஒண்ணுதான் ஆயிருக்கு!"

இன்னொரு சடை பின்னி முடிகிறவரைக்கும், குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி, தேசம்மா வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருப்பார்.